தெய்வநாயகிக்கு வந்த போன்

சேலத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி முதலில் பூபதியின் போனுக்குத்தான் வந்தது. ஆடல் பாடல் குழுக்காரர்களுக்கென்று இருந்த வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டிருந்தார்கள். சென்னையில் ஒரு கம்பெனி பெரிய இசை நாடகம் போடப்போகிறது. மேடையிலேயே பாடிக்கொண்டு ஆடக்கூடியவர்கள் வேண்டும். எட்டு மாத வேலை. சென்னை, கோயமுத்தூர் முடிந்து சிங்கப்பூர், மலேசியா வரை போகும். நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வந்து ஆடிக்காட்ட வேண்டும்.

பள்ளிபாளையத்தில் நூல் மூட்டைகளை இறக்கிவிட்டு, குட்டியானைச் சரக்கு வண்டிக்குள் உட்கார்ந்தபடி பூபதி அதை மூன்று முறை படித்தான். அவனுக்கு முப்பத்தேழு வயது. குமாரபாளையத்தில் தறிப்பட்டறைகளுக்கு நூல் ஏற்றுவதும் துணி பேல் கட்டுகளை இறக்குவதும் அவன் வேலை. ஆனால் யாராவது என்ன வேலை என்று கேட்டால் டான்சர் என்றுதான் சொல்லுவான். தை பிறந்தால் ஆனி வரைக்கும் கோகுல்ராஜின் ஆடல் பாடல் குழுவில் ஊர் ஊராக மேடை ஏறுவான். விக்கு வைத்து, கறுப்புக் கண்ணாடி போட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு பெரிய நடிகரைப் போலவே நடந்து வருவான். அவன் பாதி மேடைக்கு வருவதற்குள் விசில் கிளம்பிவிடும்.

அவனோடு ஜோடியாக ஆடுகிறவள் அவன் மனைவி தெய்வநாயகி. எடப்பாடிப் பக்கத்து நெசவுக் குடும்பம். பத்தொன்பது வயதில் குழுவுக்கு வந்தவளை அடுத்த வருசமே கட்டிக்கொண்டான். அவளுடைய அப்பா அதன் பிறகு பேச்சை நிறுத்தியவர்தான், இன்னும் பேசவில்லை. இப்போது அவளுக்கு முப்பத்தொன்று. பகலில் பட்டறையில் நூல் சுற்றுகிறாள். மூன்றாவது படிக்கும் ஒரு மகள், இலக்கியா.

தெய்வநாயகிக்கு சேலம் போவதில் விருப்பமில்லை. அங்கே படித்த பிள்ளைகள் வருவார்கள், நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றாள். பூபதி விடவில்லை. நான்கு நாள் அதையே பேசினான். இந்த ஒன்று கிடைத்தால் இனி மூட்டை தூக்க வேண்டாம், கோகுல்ராஜின் ஓட்டை வேனில் முதுகு வலிக்கப் போய்வர வேண்டாம் என்றான். ஜோடியாகப் போனால்தான் மதிப்பு என்றும் சொன்னான். கடைசியில் அவளும் சரி என்றாள். இரண்டு பேருக்கும் போனிலேயே அவன்தான் விண்ணப்பம் நிரப்பினான். பட்டறைக்குள் போன் எடுக்க முதலாளி விடமாட்டார் என்பதால் அவளுடைய விண்ணப்பத்திலும் தன் நம்பரையே போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இலக்கியாவைப் பக்கத்து வீட்டு அத்தாயி அக்காவிடம் விட்டுவிட்டு சங்ககிரி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினார்கள். மண்டபத்தில் நூற்றைம்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். அம்மாக்களோடு வந்த பரதநாட்டியப் பிள்ளைகள், முடியைச் சிவப்பாக்கிய கல்லூரிப் பையன்கள், ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து தெருக்கூத்து ஆடுகிற அண்ணன் தம்பி இரண்டு பேர். எடப்பாடியிலிருந்து ஜீவா என்ற பெண் தனியாக வந்திருந்தாள். சொந்த ஊர்ப் பேச்சைக் கேட்டதும் அவள் தெய்வநாயகியோடு ஒட்டிக்கொண்டாள். எல்லோருக்கும் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு நம்பர் கொடுத்தார்கள். அந்த வேலையைப் பார்த்தவர் கம்பெனியின் ஆள், அறிவழகன் என்று பெயர், சேலத்துக்காரர்தான். மாடியில் கல்யாணம் நடக்கும் கூடத்தில் நாற்காலிகளை எடுத்துவிட்டிருந்தார்கள். கீழே சாப்பாட்டுக்கூடம். ஆடியவர்களில் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர்கள் கீழே இறங்கிப் போய்விட வேண்டும்.

டான்ஸ் மாஸ்டர் ஐம்பது வயசுப் பெண். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். செருப்பில்லாமல் நடந்தார். எல்லோரும் மேடம் என்றார்கள். முதல் சுற்றில் இருபது இருபது பேராக நிற்க வைத்து, ஒரு பெண் ஆடிக்காட்டிய அடவுகளைத் திருப்பி ஆடச்சொன்னார்கள். அதில் பூபதிக்கும் தெய்வநாயகிக்கும் ஒரு சிரமமும் இருக்கவில்லை. இரண்டாவது சுற்றில் ஒவ்வொருவரும் தனியாக ஆட வேண்டும்.

பூபதி பையிலிருந்து கண்ணாடியையும் துண்டையும் எடுத்துக்கொண்டான். பாட்டு போட்டார்கள். அவன் அந்த நடையை நடந்தான். காலரைத் தூக்கினான், கண்ணாடியைச் சுழற்றி மாட்டினான், சரியான இடத்தில் திரும்பி நின்றான். ஊரில் விசில் வரும் இடத்தில் இங்கே மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்தது. மேடம் கடைசிவரை பார்த்தார். பிறகு எழுந்து பக்கத்தில் வந்து கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்.

"நல்லா பண்றீங்க. ஆனா இது அவர். நீங்க எப்படி ஆடுவீங்கன்னு பாக்கணும்."

மறுபடியும் பாட்டைப் போட்டார்கள். பூபதி நின்றான். பதினைந்து வருசமாக ஆடிய உடம்புக்கு எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. கை தானாகக் காலருக்குப் போனது. இறக்கிவிட்டான். திரும்பவும் போனது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவனுக்குத் தோன்றியது. மேடம் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொன்னார். சுவரோரம் நின்ற தெய்வநாயகி அவனோடு கீழே வருவதற்கு ஓரடி எடுத்து வைத்தாள். அவன்தான் அங்கேயே இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினான்.

சாப்பாட்டுக்கூடத்தில் நீள மேசைகள் போட்டபடியே இருந்தன. கீழே வந்தவர்களில் பலர் உடனே கிளம்பினார்கள். சிலர் பொட்டலத்தைப் பிரித்துத் தயிர்சாதம் சாப்பிட்டார்கள். பரதநாட்டியப் பிள்ளை ஒன்று அம்மாவின் மடியில் முகத்தை வைத்து அழுதது. பூபதி மேசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேலே ஒரே பாட்டு ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. மத்தியானம் வரை கூட்டமாகக் கேட்ட காலடி குறைந்துகொண்டே வந்தது. மூன்று மணிக்கு மேல் ஒவ்வொரு ஜோடிக் காலாகத்தான் கேட்டது.

அப்போது பாட்டு பாதியில் நின்றது. காலடி நிற்கவில்லை. பாட்டே இல்லாமல் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. மெதுவாகப் போய், ஓரிடத்தில் தயங்கி, மறுபடி தரையில் விழுந்தது. கீழே பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள். அது யாருடைய கால் என்று பூபதிக்கு உடனே தெரிந்தது. பதினோரு வருசம் ஒரு கை தூரத்தில் அவன் கேட்ட கால். ஆனால் இப்படி ஒருநாளும் கேட்டதில்லை. அவனோடு ஆடும்போது அது அவன் காலுக்குப் பின்னால் வந்த கால். இப்போது அதற்கு யாரும் வேண்டியிருக்கவில்லை. அது நின்றதும் ஒரே ஒருவர் கை தட்டினார்.

ஐந்து மணிக்கு தெய்வநாயகி இறங்கி வந்தாள். துப்பட்டா நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. பத்து நாளுக்குள் போன் பண்ணுவதாகச் சொன்னார்கள் என்றாள். பஸ்ஸில் சங்ககிரி வரும்வரை அவள் வாய் ஓயவில்லை. சாதாரணமாக அதிகம் பேசாதவள். மேடம் அவளைச் சிரிக்காதே என்றாராம். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு ஆடச் சொன்னாராம். பாட்டை நிறுத்தியதுகூடக் கொஞ்ச நேரம் தெரியவில்லை என்றாள். ஒருவேளை எடுத்துவிட்டால் அவனும் சென்னைக்கே வந்துவிடலாம், அங்கேயும் வண்டி ஓட்டலாம், பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் கிடைக்காமலா போகும் என்றெல்லாம் திட்டம் போட்டாள். அவன் பார்க்கலாம், பார்க்கலாம் என்றான். பெருமையும் இருந்தது அவனுக்கு. அது பொய்யில்லை. ஆனால் அந்தப் பெருமைக்கு அடியில் வேறொன்று கிடந்து அரித்தது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் போன் வந்ததா என்றுதான் கேட்டாள். காலையில் அரை மணி நேரம் முன்பே எழுந்து மொட்டை மாடியில் ஆடிப்பார்த்தாள். சமைக்கும்போது பாடினாள். இலக்கியா அவளைப் பார்த்துக் கெக்கலித்துச் சிரிக்கும்.

சொன்ன பத்து நாள் தாண்டி, பதினோராவது நாள், வியாழக்கிழமை, போன் வந்தது. பூபதி ஒரு குடோன் வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். அறிவழகன்தான் பேசினார். தெய்வநாயகி இருக்கிறார்களா என்று கேட்டார். அவள் வீட்டுக்காரன்தான் பேசுகிறேன் என்றான் பூபதி. அறிவழகனுக்கு நல்ல செய்தி சொல்லும் அவசரம். வந்த நூற்றைம்பது பேரில் ஐந்து பேரைத்தான் எடுத்திருக்கிறோம், பெண்களில் இரண்டே பேர், தெய்வநாயகிக்குக் கும்பலில் ஆடும் வேலை இல்லை, பெயருள்ள பாத்திரம், இரண்டு பாட்டு தனியாகப் பாட வேண்டும், மேடமே பிடிவாதமாகச் சொல்லிவிட்டார் என்றெல்லாம் சொன்னார். திங்கட்கிழமை சென்னையில் இருக்க வேண்டும். தங்க இடம் இருக்கிறது. முதல் மாதம் போனதும் குழந்தையைக்கூட அழைத்துக்கொள்ளலாம்.

பூபதி ஒன்றுதான் கேட்டான். ஆண்களில் யாராவது வராமல் போனால் இடம் இருக்குமா என்று கேட்டான். அந்தப் பட்டியல் முடிந்துவிட்டது என்றார் அறிவழகன், வருத்தத்தோடுதான் சொன்னார்.

"அவளால வர முடியாதுங்க" என்றான் பூபதி.

"ஏங்கண்ணா?"

"மாசமா இருக்கறா. மூணாவது மாசம்."

அறிவழகன், சந்தோசமான விசயம்தான், ஆனால் மேடம் ரொம்ப வருத்தப்படுவார், தெய்வநாயகியிடம் ஒரு வார்த்தை பேசலாமா என்று கேட்டார். டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார், அவளுக்கே மனசு சரியில்லை, இதைப் பேசினால் அழுவாள் என்றான் பூபதி. ஒவ்வொரு பொய்யும் கேட்பதற்கு முன்பே தயாராக வந்து நின்றது. அறிவழகன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்தார்.

பத்து நிமிசத்தில் திருப்பிக் கூப்பிட்டுவிடலாம் என்றுதான் பூபதி நினைத்தான். நம்பரைத் திறந்து வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தான். பின்னால் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. வண்டியை நகர்த்தினான். அடுத்த பட்டறைக்குப் போக வேண்டியிருந்தது. போனான். சாயங்காலம் தெய்வநாயகி போன் ஏதும் வந்ததா என்று கேட்டாள். இல்லையே என்றான். சொல்லி முடித்ததும் தட்டை இழுத்து வைத்துக்கொண்டான். சோறு இறங்கியது. வெள்ளி, சனி இரண்டு நாளும் கூப்பிட நேரம் இருந்தது. ஞாயிறன்று ராத்திரி ரயிலுக்குக்கூட நேரம் இருந்தது. திங்கட்கிழமை விடிந்ததும் அவன் அந்த நம்பரை போனிலிருந்து அழித்தான்.

பத்து நாள் இருபது நாளானது. தெய்வநாயகி கேட்பதை நிறுத்தினாள். மாடிக்குப் போவதும் நின்றது. அதற்குப் பதிலாக எங்கே தப்பு நடந்திருக்கும் என்று யோசிக்கத் தொடங்கினாள். பாடும்போது இரண்டாவது அடியில் சுருதி இறங்கிவிட்டது என்றாள். வயதை உண்மையாகச் சொல்லியிருக்கக் கூடாது என்றாள். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதே கரண்டியை வைத்துவிட்டு, அந்த மேடம் கை தட்டியது இரக்கப்பட்டுத்தான் போல என்றாள். இவ்வளவையும் அவனிடம்தான் சொன்னாள். வேறு யாரிடம் சொல்லுவாள்?

பூபதி அவளுக்கு ஆறுதல் சொன்னான். அந்த மாதிரி இடத்தில் சிபாரிசு இல்லாமல் ஒன்றும் நடக்காது என்றான். தோளில் சாய்த்துக்கொண்டான். அந்த மூன்று மாதம் அவன் அவளிடம் அன்பாக இருந்ததுபோல அதற்கு முன் இருந்ததில்லை. வேலை முடிந்து வரும்போது பூ வாங்கி வந்தான். இலக்கியாவுக்கு அவனே தலை பின்னிவிட்டான். பட்டறைப் பெண்கள் தெய்வநாயகியிடம் கொடுத்து வைத்தவள் என்றார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

பங்குனியில் மோகனூர்ப் பக்கம் ஒரு ஊரில் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு கோகுல்ராஜ் குழு போயிருந்தது. பொழுது இறங்கும் நேரம். மேடைக்குப் பின்னால் தென்னந்தடுக்கு கட்டி மறைத்த இடத்தில் தெய்வநாயகி முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் ஜீவாவின் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சேலத்தில் தேர்வான இன்னொரு பெண் அவள்தான். நாடகத்துக்கு ஒரு வாரம் ஒத்திகை இல்லை என்று நோம்பிக்கு வந்த ஜீவா, குழுவின் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். வந்தவள் தெய்வநாயகியின் வயிற்றைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு அவள் கால் சலங்கையைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மனசத் தேத்திக்குங்கக்கா. இன்னொன்னு தங்கும்."

தெய்வநாயகிக்கு ஒன்றும் புரியவில்லை. எது தங்கும் என்று கேட்டாள். குழந்தை என்றாள் ஜீவா. அதற்காகத்தானே வர முடியாமல் போனது, மேடம்கூட இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை, உங்கள் பாத்திரத்துக்கு வேறு ஆள் கிடைக்காமல் பத்து நாள் காலியாகவே வைத்திருந்தார்கள், உங்கள் வீட்டுக்காரர் போனில் சொன்னாராமே என்றாள். சொல்லிக்கொண்டே வந்தவள் தெய்வநாயகியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். தெய்வநாயகி மறுக்கவில்லை. ஆமாம் என்றுகூடச் சொன்னாள். தண்ணீர் கேட்டுக் குடித்தாள். வெளியே மைக்கில் அவர்கள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அன்றைக்கு அவள் நான்கு பாட்டுக்கு பூபதியோடு ஆடினாள். ஒரு அடி தவறவில்லை. விசில் பறந்தது. அவனுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

மறுநாள் இலக்கியா பள்ளிக்கூடம் போகும்வரை காத்திருந்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து அவனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, எனக்கு இப்ப எத்தன மாசமுங்க?"

அவன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். கை அங்கேயே நின்றது. அவள் முகத்தைப் பார்த்ததும் எதையும் மறைக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னான். தனக்கு இடம் இருக்குமா என்று முதலில் கேட்டதையும் சொன்னான். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் சொன்னான். நீ போனால் திரும்பி வரமாட்டாய் என்று பயந்துவிட்டேன் என்றான்.

"அப்படின்னு எப்பங்க தோணுச்சு? போன் வந்தப்பவா?"

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். "நீ பாட்டில்லாம ஆடுனப்ப. கீழ உக்காந்து கேட்டுட்டு இருந்தேன்."

வெளியே தறிச் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அழுவாள், இல்லை அடிப்பாள் என்று அவன் எதிர்பார்த்தான். இரண்டும் நடக்கவில்லை.

"அப்ப நான் நல்லா ஆடுனேன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள். "மூணு மாசமா எங்க தப்புப் பண்ணுனேன், எங்க தப்புப் பண்ணுனேன்னு உங்ககிட்டயேதான கேட்டுட்டு இருந்தேன். தெரிஞ்சுக்கிட்டே கேட்டுட்டு உக்காந்திருந்திங்களா?"

பூபதி அவள் காலைத் தொடப் போனான். அவள் எழுந்து அந்தப் பக்கம் போனாள்.

நோம்பியிலேயே ஜீவாவிடம் வாங்கி வைத்திருந்த நம்பரில் அன்றைக்கே அவள் அறிவழகனோடு பேசினாள். வீட்டுக்காரர் பொய் சொல்லிவிட்டார் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இப்போது உடம்பு சரியாகிவிட்டது, ஏதாவது இடம் இருக்கிறதா, கும்பலில் நின்று ஆடினாலும் சரி என்றாள். அறிவழகன் பொறுமையாகப் பேசினார். அடுத்த மாதம் நாடகம் தொடங்குகிறது, உடையெல்லாம் தைத்தாகிவிட்டது, வெளிநாட்டுக்குப் போகிறவர்களின் பாஸ்போர்ட்கூட விசாவுக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார். மேடத்திடம் போனைக் கொடுத்தார். மேடம் அவளை நன்றாக நினைவு வைத்திருந்தார். ஜனவரியில் கூப்பிட்டிருந்தால்கூட எப்படியாவது செய்திருப்பேன் அம்மா என்றார். குழந்தையைப் பற்றித் துக்கம் விசாரித்தார். தெய்வநாயகி பிறக்காத குழந்தைக்காக அந்தத் துக்கத்தை வாங்கிக்கொண்டு போனை வைத்தாள்.

அவள் எங்கும் போகவில்லை. எடப்பாடிக்குப் போக முடியாது. மகளைத் தூக்கிக்கொண்டு தனியாக எங்கே நிற்பது? வைகாசி, ஆனி வரை கோகுல்ராஜ் ஊர் ஊராக ஒப்புக்கொண்டிருந்தார். அந்த மேடைகளிலெல்லாம் அவள் பூபதியோடு ஆடினாள். கூட்டத்துக்கு எப்போதும் போலத்தான் இருந்தது. அவனுக்கு மட்டும் தெரிந்தது. கையைப் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்தாள். விட வேண்டிய தாளத்தில் விட்டாள். அதற்கு மேல் அரைக் கணம்கூட அந்தக் கை அவன் கையில் இருக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். அவன் பக்கம் திரும்பும்போது சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கண் அவனைத் தாண்டி எங்கோ போனது. வீட்டில் சோறு போட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். இலக்கியாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

பூபதியால் அதைத் தாங்க முடியவில்லை. அவளுக்குத் தெரியாமல் அவள் போனிலிருந்து நம்பரை எடுத்து, அறிவழகனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி, அடுத்த நாடகத்திலாவது அவளைச் சேர்த்துக்கொள்ளும்படி கெஞ்சினான். அறிவழகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவன் போன் பண்ணினால் எடுப்பதே இல்லை. ஆனி கடைசியில் பூபதி, இனி நான் மேடை ஏறமாட்டேன், விக்கையும் கண்ணாடியையும் குழுவிலேயே கொடுத்துவிட்டேன் என்று தெய்வநாயகியிடம் சொன்னான். ஏதாவது சொல்லுவாள் என்று காத்து நின்றான்.

"அது உங்க இஷ்டமுங்க" என்றாள்.

அவளும் கோகுல்ராஜிடம் இனி வரவில்லை என்று சொல்லிவிட்டாள். முழங்கால் வலி என்று காரணம் சொன்னாள். பழைய பட்டறையை விட்டு, காவிரிக்கரை ஓரமாக இருந்த பெரிய பட்டறை ஒன்றில் சேர்ந்தாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. இலக்கியா பள்ளிக்கூட விழாவுக்கு ஒரு பாட்டுக்குச் சொல்லித்தரச் சொன்னபோது, உங்கள் டீச்சரிடம் கேட்டுக்கொள் சாமி என்று சொல்லி அனுப்பினாள். பிள்ளை அப்பாவைப் பார்த்தது. அவன் வெளியே போய் நின்றுகொண்டான்.

ஆயுத பூசையன்று அந்தப் பெரிய பட்டறைக்கு பூபதி நூல் கொண்டுபோக வேண்டியிருந்தது. தறிகளைக் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். வருசத்தில் அந்த ஒருநாள்தான் தறிச் சத்தம் நின்று வேறு சத்தம் கேட்கும். வாசலில் பெரிய பெட்டி ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட்டிருந்தார்கள். பெண்களும் ஆண்களும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டும் ஆடிக்கொண்டிருந்தார்கள். தெய்வநாயகி ஓரமாக உட்கார்ந்து பொரியும் கடலையும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். உஷாராணி என்று அவளோடு நூல் சுற்றுகிற பெண் ஓடிவந்து, அவள் கையைப் பிடித்து இழுத்தாள். சும்மா ரெண்டு ஆட்டம் போடு அக்கா என்றாள்.

வண்டியிலிருந்து மூட்டையை எடுத்துத் தோளில் வைத்த பூபதி அப்படியே நின்றான். அவன் அங்கே நிற்பது தெய்வநாயகிக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவள் வேறு மாதிரி சொல்லியிருக்கமாட்டாள்.

"எனக்கு ஆடத் தெரியாது கண்ணு" என்றாள் அவள். கோபமோ வருத்தமோ அந்தக் குரலில் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒருத்தி சொல்வதைப் போலத்தான் இருந்தது.

உஷாராணி நம்பிக்கொண்டு, வேறு ஒருத்தியை இழுக்கப் போனாள். பாட்டு மாறியது. தெய்வநாயகி அடுத்த பொட்டலத்துக்குக் காகிதத்தை எடுத்தாள். அவள் உடம்பில் ஒரு விரல்கூட அந்தத் தாளத்துக்கு அசையவில்லை. பூபதி மூட்டையை உள்ளே கொண்டுபோய் வைத்தான். இன்னும் பதினொரு மூட்டை இருந்தது. ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு ஆடுகிறவர்களுக்கு நடுவே, இடிக்காமல் ஒதுங்கி ஒதுங்கிப் போய்வந்தான்.